காலிக் கதிரைக்கு ஒரு கிளாஸ்

ஒஸ்லோவில் எனக்கு ஐரிஷ்காரச் சிநேகிதர்கள் ஏராளம். பொய், இந்த ஐரிஷ் பப்பில் இப்போதுதான் பழக்கமான ஒருவன்தான். இரண்டு கறுப்பு பியர் வாங்கி வந்து, ஒன்றைக் காலிக் கதிரைக்கு முன்னால் வைக்கிறான். எனக்குத்தான் என்று எடுத்து, குடிக்கமுன் சொல்லும் வாழ்த்தென்று அவன் சொல்லித்தந்த “ஸ்லாஞ்சே”யைச் சொல்லிப் பாதியைக் குடிக்கிறேன்.

“அது என்ரை தம்பிக்கு,” என்கிறான் உடைந்த நோர்வேஜிய மொழியில். “இண்டைக்கு ஊரில அடக்கம். என்னாலை போகேலாமப் போச்சு.”

என் மூக்கு வரை நுரை. “குறை நினையாதை. எங்கட அப்பா செத்தபோதும் ஊரில சண்டை, நான் போகேல்லை. எட்டாம் நாள் இஞ்சை அவருக்கு ஒரு கிளாஸ் சாராயம் படைச்சு, வந்து குடிக்கட்டுமெண்டு கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிண்டனான். திரும்பத் திறந்தால்…”

“அத்தான், துரொண்ட்ஹெய்ம் ரயில் வெளிக்கிடப்போகுது, வாங்கோ,” என்று வாசலில் மச்சான்.

எழும்புகிறேன். ஐரிஷ்காரன் என் கையை விடாமல் கேட்கிறான்: “கிளாஸில சாராயம் குறைஞ்சிருந்ததோ?”