துளையில் ஏறாத தண்ணீர்

என் தங்கை இர்யா, கடல் உறைந்ததும் அதன் மேல் வண்டிப் பாதை போடலாமா என்று அளந்து சொல்பவள். ஓவ்லு நகரக் கரைக்கும் எங்கள் ஹைலுவோட்டோ தீவுக்கும் நடுவில் ஏழு கிலோமீட்டர் கடல். 1974-இல், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

படகு நின்று பதினொரு நாள். நகரத்துக்கு அனுப்ப வழியில்லாமல் எங்கள் பால் எல்லாம் பன்றிகளுக்குப் போனது. பனிக்கட்டியின் கனம் நாற்பது சென்டிமீட்டரைத் தொட்டால் பாதை திறக்கலாம். அன்று காலை தீவுக் கரையில் பத்து வண்டிகள் நின்றன. முதல் வண்டி என் பால் வண்டி. பின்னால் மீன் வியாபாரி கலெர்வோ.

இர்யா துளை போட்டு அளவுகோலை இறக்கினாள். நாற்பத்து மூன்று.

"அப்புறம் என்னம்மா? பச்சைக்கொடி காட்டு," என்றார் கலெர்வோ.

அவள் எழுந்திருக்கவில்லை. துளைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மிதக்கிற பனிக்கட்டியில் துளை போட்டால் தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை ஏறிவிடும். அன்று பனிக்கட்டியின் அடிப்பக்கம் வரைகூட ஏறவில்லை.

"அண்ணே, வண்டிய பின்னால எடு."

"நாப்பத்து மூணு இருக்கேடி?"

"இருக்கு. அடியில தண்ணி இல்ல. ராத்திரி அடிச்ச வடகாத்துல கடல் எறங்கிடுச்சு. கரையோரக் கட்டி அந்தரத்துல தொங்குது."

"உங்கண்ணன் பாலும் சேத்துதான் வீணாகுது, தெரியுமா? இன்னைக்கு நீ தடுத்தா நாளைக்கு உன்னை யாரும் கேக்கமாட்டாங்க," என்றார் கலெர்வோ.

"கேக்க வேணாம். கேக்கறதுக்கு நீங்க உசிரோட இருந்தா போதும்."

நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். பத்து வண்டிக்காரர்களும் முணுமுணுத்தபடி காத்திருந்தார்கள்.

பதினொன்றேகால் மணிக்குக் கரை நெடுக ஓர் உறுமல் ஓடியது. யாரும் தொடாமலே அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பனிக்கட்டி ஒரே மூச்சில் ஒரு முழம் இறங்கியது. வெடிப்பிலிருந்து கடல்நீர் என் உயரத்துக்குப் பீறிட்டு, வெயிலில் பளபளத்து விழுந்தது. என் வண்டியின் சக்கரத்தடம் அந்த வெடிப்புக்கு எட்டடி முன்னால் முடிந்திருந்தது. இவ்வளவு பெரிய கடல் மூச்சு விடுவதை, ஒரு கை அகலத் துளையில் என் தங்கை கண்டுபிடித்திருந்தாள்.

கலெர்வோ வண்டியை விட்டு இறங்கி வந்தார். பிறகு, "பாதைய எந்தப் பக்கமா போட்டா நல்லதும்மா?" என்று கேட்டார்.

இர்யா அதற்குள் துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கியிருந்தாள்.