ஜுலைகா போடாத கையெழுத்து

சாலைக் கூட்டங்களில் வருகைப் பதிவேடு எங்கள் வரிசைக்கு வரும் நேரம் பார்த்து ஜுலைகா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அது அடுத்த வரிசைக்கு நகர்ந்த பிறகுதான் திரும்பி வந்து உட்காருவார். டீயும் பிஸ்கட்டும் வந்தால் தொடமாட்டார். அந்தத் தண்ணீர்கூட வீட்டுத் தண்ணீர்தான்.

பூந்தமல்லியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறார். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு. கோதுமை மிஷினில் மிளகாய் அரைக்கச் சொல்லிப் பாருங்கள், நம் பரம்பரையையே இழுப்பார். புருவத்தில் எப்போதும் மாவு. மோட்டார் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை, "தம்பி, நல்லா கீறியா?" என்று அன்பாகக் கேட்டாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். கூட்டத்தில் அவர் முந்தானையை உதறினால் முன்வரிசை அதிகாரிகள் தும்முவார்கள். "மொளகா கமறுது, நான் இன்னா பண்றது?" என்பார்.

புதிய ஆறுவழிச் சாலைக்குக் கருத்துக் கேட்கிறோம் என்று சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட ஆரம்பித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மேடையில் தொங்கும் வரைபடத்தின் சிவப்புக் கோடு மில்லின் நடுவே போகிறது. ஐந்து கூட்டத்திலும் எழுந்து, மைக் இல்லாமலே, "ஐயா, எனக்கு அது ஒண்ணுதான் ஊடு. அதும்மேல ரோடு போடாதீங்கய்யா" என்றார். ஐந்து முறையும் அதிகாரி, "நோட் பண்ணிக்கிறோம்மா" என்றார்.

ஏன் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒருநாள் மில்லில் கேட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டார். அவர் கணவர் ஷவுகத் அலி இருந்தபோது, பழைய சாலையை அகலப்படுத்த இப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

"டீ குடுத்தாங்கோ. வந்ததுக்கு ஒரு கையெழுத்துன்னாங்கோ. நம்ம ஆளு போட்டுட்டு வந்துட்டாரு. அப்பால அதையே காட்டி, ஒத்துக்கினுதான போட்டேன்னு சொல்லி முன்ரூமை இட்ச்சிட்டாங்கோ."

அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான். நான் வாடகைக்காரன். ஐந்து கூட்டத்திலும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு பிஸ்கட் தின்றவன்.

போன செவ்வாய்க்கிழமை ஆறாவது கூட்டம், அதுதான் கடைசி. ஆட்சேபம் சொன்னவர்களின் வீடுகளை மட்டும் மறுபடி வந்து அளப்பார்களாம். கோடு தள்ளிப்போனாலும் போகலாமாம். பெயர்களை வாசித்தார்கள். ஜுலைகா பெயர் இல்லை.

"நான் அஞ்சு தபா கத்துனேனே சார்!"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க ஒரு கூட்டத்துக்கும் வந்ததாவே இல்லையேம்மா. வராதவங்க ஆட்சேபத்தை நான் எப்படி எழுதறது? இன்னிக்காவது கையெழுத்துப் போடுங்க, சேர்த்துக்கிறேன். அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

மணி ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. ஜுலைகா பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மேல இன்னா எழுதிக்கீது, படி."

"வருகை தந்தோர்."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியே? சத்தியமா சொல்லு."

அந்த இரண்டு வார்த்தைதான் இருந்தது. நான் இரண்டு முறை பார்த்தேன். ஆனாலும் சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, எழுத்துக்கூட்டி, தன் பெயரை எழுதினார்.

எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அது நகரவில்லை. மாவு படிந்த உள்ளங்கையைத் தன் பெயரின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றிருந்தார் ஜுலைகா.