வெள்ளைப் புள்ளி வந்த மழைக்காலம்

என் மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனபோது தன் மீன்தொட்டியை எங்களிடம் விட்டுப் போனாள். காலேஜ் படிக்கும்போதிருந்து அவள் வளர்த்தது. தட்டையாக, நீள நீளத் துடுப்புகளோடு ஏஞ்சல் மீன்கள் நாலைந்து, கருப்பு மோலி ஒரு கூட்டம். எனக்கு மீனைக் குழம்பில் பார்த்துத்தான் பழக்கம். இருந்தாலும் அவள் ஆசையாக வளர்த்ததாயிற்றே என்று பார்த்துக்கொண்டேன். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். தையல் மிஷினுக்கு நேர் எதிரே தொட்டி. நூல் கோக்கும்போது நிமிர்ந்தால் அவை மெதுவாகப் போய் வருவது தெரியும். தனியாக உட்கார்ந்து தைக்கிறவளுக்கு அது ஒரு துணையாகத்தான் இருந்தது.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது அவள் திரும்பி வந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. மருமகன் கொண்டுவந்து விட்டார். அவருக்கு லீவு இல்லை. மறுநாள் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில், "அத்தை, எங்கிட்ட அவ எதுவும் பேச மாட்டேங்கறா. உங்ககிட்டயாவது பேசட்டும்" என்றார். அவரும் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும், முகத்தில் தெரிந்தது.

என்னிடமும் அவள் பேசவில்லை. உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சாதம் பிசைந்து கொண்டுபோனால் இரண்டு வாய் வாங்குவாள், அதோடு சரி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "சின்ன வயசுதான, அடுத்தது தங்கும் வுடு" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்வாள். அப்புறம் நான் வருகிறவர்களை வாசல் அறையிலேயே உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பிவிட ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மானாம்பதிப் பக்கம் கொஞ்சம் நிலம். அவருக்கு வாயால் ஆறுதல் சொல்ல வராது. ஒருநாள் காஞ்சிபுரம் போனவர், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கவரில் புதிதாக இரண்டு ஏஞ்சல் மீன்கள் வாங்கி வந்தார். மகள் எழுந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அவரே தொட்டியில் விட்டார். அவள் எழுந்து வரவில்லை.

அடைமழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் வீடே சில்லிட்டுப் போயிற்று. ஒரு காலை தீனி போடப் போனேன். மீன்களின் மேல் ரவையைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. தீனிக்கு ஒன்றும் மேலே வரவில்லை. உடம்பைக் கூழாங்கல்லில் உரசி உரசித் திரும்பின. ஒரு மோலி செத்து மிதந்தது.

அறை வாசலில் போய் நின்று சொன்னேன். "உன் மீனுக்கு இன்னாவோ ஆயிட்ச்சிம்மா. ஒடம்பெல்லாம் வெள்ளையா கீது. ஒண்ணு செத்தும் போச்சி. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

நான் போய்ச் செத்ததை எடுத்துப் போட்டுவிட்டுக் கையலம்பி வந்தபோது, அவள் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"வெள்ளைப் புள்ளி" என்றாள். "புது மீனு யாரு வுட்டது?"

"உங்கப்பாதான் வாங்கினு வந்தாரு. நீ பாப்பேன்னு."

"புதுசா வர்றத கொஞ்ச நாளு தனியா வெச்சிப் பாத்துட்டு வுடணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு, "வூட்ல கல்லு உப்பு கீதா?" என்று கேட்டாள்.

வந்ததிலிருந்து அவள் என்னிடம் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அதுதான். அடுக்களைக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் அவளுக்குப் படுக்க நேரமில்லை. பரணில் கிடந்த ஹீட்டரை எடுத்துத் துடைத்துத் தொட்டியில் மாட்டினாள். உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காஞ்சிபுரத்து மீன்கடைக்காரருக்கு போன் போட்டு, தான் செய்வது சரிதானா என்று கேட்டுக்கொண்டாள். எனக்கும் விளக்கினாள். "அது ஒரு பூச்சிம்மா. மீனு மேல ஒட்டிக்கினு இருக்கறப்ப ஒண்ணும் பண்ண முடியாது. கீழ வுய்ந்து பெருகி, திரும்ப மீனத் தேடி வரும் பாரு, அப்பத்தான் உப்பும் சூடும் அதக் கொல்லும். அதுவரைக்கும் மீனு தாங்கணும்."

தினமும் அடியிலிருக்கும் தண்ணீரை ட்யூப் வைத்து இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பஞ்சாயத்துக் குழாயில் வரும் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். அதை முந்தின நாளே டிரம்மில் பிடித்துத் திறந்து வைப்போம். சூடும் சமமாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் வெந்நீர் கலப்போம். முதல் நாள் வெந்நீரை விளாவியது நான்தான். பக்கெட்டில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். யோசித்துச் செய்ததில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட அப்படித்தான் பார்ப்போம். இவளுக்கும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, இங்கே வந்தும் அழவில்லை என்று மருமகன் போனில் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். நான் ஈரக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டேன். "பொண்ணும்மா அது. மூஞ்சியக் காட்னாங்க" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது. நானும் அழுதேன். பக்கெட்டுத் தண்ணீர் ஆறிப்போய்விட்டது. அவளே எழுந்து போய்த் திரும்பவும் வெந்நீர் வைத்தாள்.

மீன்களுக்கு உடனே சரியாகிவிடவில்லை. புள்ளிகள் குறைந்த மாதிரி இருந்து மறுபடி ஏறின. புதிதாக வந்த இரண்டில் ஒன்றும், இன்னும் சில மோலிகளும் போய்விட்டன. ஒவ்வொன்று போகும்போதும் நான் இவள் முகத்தைப் பார்ப்பேன், திரும்பப் போய்ப் படுத்துவிடுவாளோ என்று. அவள் படுக்கவில்லை. செத்ததைக் கருவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு வந்து மற்றவற்றைப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் புயல் வந்தது. மத்தியானமே கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் மரம் விழுந்துவிட்டது, இன்றைக்கு வராது என்றார்கள். வீட்டுக்காரர் நாற்று முழுகிவிடும் என்று நிலத்துக்குப் போயிருந்தார். தொட்டியில் காற்றுக் குமிழி விடும் மோட்டார் நின்றுபோயிற்று. தண்ணீரைச் சூடாக்கி வைத்திருப்பதால் காற்று சீக்கிரம் குறைந்துவிடும் என்றாள் மகள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நானும் அவளும் ஆளுக்கொரு டம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். தோள் விட்டுப்போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சு வார்த்தை இல்லை. எங்கள் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து அவர்கள் வீட்டுக் கூரை ஷீட் உடைந்ததில் வந்த சண்டை. இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிட்டது. ஜன்னல் வழியாக நாங்கள் மொள்ளுவதையும் ஊற்றுவதையும் அவள் பார்த்திருக்கிறாள். மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

மகள்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஜன்னல் கம்பிக்குள் ஒரு நீள ஒயர் நுழைந்தது. நுனியில் ஜங்ஷன் பாக்ஸ், பாலிதீன் கவர் சுற்றியிருந்தது.

"எங்கூட்டு இன்வெர்ட்டர்ல இருந்து இய்த்துக்கினு வந்தேன். மாட்டிக்கோம்மா."

அந்த இன்வெர்ட்டர் எதற்காக வாங்கியது என்று தெருவுக்கே தெரியும். அவள் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. காலையும் மாலையும் மிஷின் வைத்து மருந்து ஆவி பிடிக்க வேண்டும். "அண்ணனுக்கு வேணுமே" என்றேன். சண்டைக்கப்புறம் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"அவருதாங்க்கா குடுன்னு சொன்னாரு. கொழந்த எய்ந்து நடமாடுதே, அது போதும்னாரு."

இவள் படுத்தே கிடந்தது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் வந்து விசாரிக்காமல், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மகள் ஹீட்டரை மாட்டவில்லை. அது கரண்ட்டை இழுக்கும் என்று காற்று மோட்டாரை மட்டும் மாட்டினாள். தொட்டியைச் சுற்றி அட்டைப்பெட்டியை வெட்டி வைத்து, அதன்மேல் தான் போர்த்திக்கொண்டு கிடந்த போர்வையைச் சுற்றிக் கட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, கருப்பட்டிக் காபி குடித்தோம். ஷீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் மாலை கரண்ட் வந்தது.

மழை விட்டு வெயில் வந்தபோது புள்ளிகள் உதிர்ந்திருந்தன. ஏஞ்சல் மீன்களில் பெரியது மட்டும் துடுப்பு கிழிந்து சுணங்கியே இருந்தது. அதைத் தனியாக ஒரு டப்பில் விட்டு, புண் ஆறும் என்று வாதுமை மரத்துச் சருகை அலசிப் போட்டாள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. கொசுப்புழு பிடித்து வந்து போடுவாள். ஒரு காலை, "அம்மா, இங்க வா, தின்னுது பாரு" என்று கூப்பிட்டாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். அன்றைக்கு அவளும் தானாகத் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து இட்லி கேட்டாள்.

அவளை எழுப்ப எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன், முடியவில்லை. அந்த மீன்கள் அவளை எழுப்பின. விவரம் தெரியாமல் நோய் மீனை வாங்கி வந்த என் வீட்டுக்காரருக்கும், ஒயரை இழுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கும், தன் மூச்சுக்கு வைத்திருந்ததைக் கொடுத்த அவள் புருஷனுக்கும் நான் பட்ட கடனைத் தீர்க்க வழியில்லை. அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்போது நான்தான் ரவிக்கை தைக்கிறேன். கூலி வாங்குவதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, அது எம்மாத்திரம்.

பொங்கல் கழித்து மருமகன் வந்து அவளைக் கூட்டிப் போனார். போன வாரம் போனில் பேசினார். அங்கேயும் ஒரு சின்னத் தொட்டி வாங்கியிருக்கிறார்களாம். மீன் விட்டாயிற்றா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல அத்தை. தண்ணி பக்குவப்படணும், அதுக்கு நாளாவும்னு சொல்றா" என்றார். பின்னால் அவள் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "பரவாயில்ல, ஒண்ணும் அவசரமில்ல. தண்ணி மட்டும் வெச்சிப் பாத்துக்கினு கீறோம்."