ஷிபு எங்கள் வீட்டில் தங்கிய சீசன்

கொட்டஞ்சுக்காதி தைலத்தைச் சூடாக்கும்போது எழும் காரமான வாசம் எங்கள் வீடு முழுக்க நிறைந்திருந்த வருடம் அது. தைலம் ஷிபுவின் வலது முட்டிக்கு. தேய்த்துவிட்ட கை என் அப்பாவுடையது. பதினொரு வயதான நான் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்து, அந்த முட்டியையே முறைத்துக்கொண்டிருப்பேன்.

மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா காலையில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவார். மாலையில் ஊர்க் கால்பந்து கிளப்பின் பயிற்சியாளர். கூட்டாளிகளோடு சேர்ந்து அதைத் தொடங்கியவரும் அவர்தான். மாவட்ட லீக்கில் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த நாங்கள், அந்த சீசனில் தொடர்ந்து தோற்றுக் கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம். கடைசி இரண்டு அணிகளும் அடுத்த வருடம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். "கீழ இறங்கினா நல்லா வெளையாடுத பயலுவ ஒருத்தனும் நிக்க மாட்டான். கிளப்பு அதோட தீர்ந்து" என்று அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொல்வார். அதனால்தான் கேரளத்திலிருந்து ஷிபுவை "கெஸ்ட்" ஆட்டக்காரனாகக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் தங்கவைத்தார்.

அதுவரை ஆட்டத்துக்குப் போகும்போது அப்பாவின் பைக்கில் பின்சீட் எனக்கு. இப்போது அது ஷிபுவுக்கு. நான் அம்மாவோடு பஸ்ஸில். நெய்மீன் பொரித்தால் நடுத்துண்டு அவனுக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா அவனை "மக்கா" என்று இழுத்துக் கூப்பிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் "மக்கா", நான் வெறும் "ஏட்டி".

"ஒரு சீசன்தானேட்டி, பொறவு அவன் ஊரு பாத்துப் போயிருவான்" என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

கொடுமை என்னவென்றால், அவன் நல்லவன். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்பான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அதைவிடக் கொடுமை, அவன் நன்றாக ஆடினான். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் சமன் செய்யத் தொடங்கினோம், பிறகு ஜெயிக்கவும் தொடங்கினோம். கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் தப்பிவிடலாம் என்ற நிலை வந்தது. ஆட்டத்தன்று காலை அந்தோணியார் குருசடியில் முழங்காலிட்டு, "நாங்க ஜெயிக்கணும், ஆனா ஷிபு கோல் போடக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன்.

இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. ஷிபு நொண்டிக்கொண்டு வந்தான். "போதும் மக்கா, நீ உக்காரு. முட்டி போயிட்டுன்னா உனக்க வாழ்க்க என்னாவும்?" என்றார் அப்பா. கிளப் போய்விடுமே என்று தூக்கமில்லாமல் புரண்ட மனிதர், அவன் முட்டிக்காக அதையும் விட்டுவிடத் துணிந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவனோ, "இல்ல ஆசானே, ஞான் களிக்கும்" என்று எழுந்து மைதானத்துக்குள் போய்விட்டான்.

ஆட்டம் முடியும் தறுவாயில், இடப்பக்கமிருந்து வந்த பந்தை அந்த வலிக்கிற காலாலேயே வலைக்குள் அடித்தான். அப்பா உள்ளே ஓடி அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பக்கத்தில் நின்ற மீன்கார அக்கா என் தோளை உலுக்கி, "உங்க வீட்டுப் பையன் ஊரு மானத்தக் காப்பாத்திட்டான், பாத்தியா!" என்றாள்.

"அவன் எங்க வீட்டுப் பையன் இல்ல" என்றேன்.

அந்த வாரமே ஷிபு ஊருக்குப் போனான். அடுத்த சீசனுக்குள் கல்ஃபில் வேலை கிடைத்துவிட்டதால் அவன் வரவில்லை. அவனில்லாமல் நாங்கள் கீழே இறங்கினோம். அப்பா சொன்னபடியே பையன்கள் ஒவ்வொருவராக வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். பின்சீட் எனக்குத் திரும்பக் கிடைத்தபோது, போவதற்கு ஆட்டங்கள் இல்லை.

பந்து பழகிய மணல்வெளியை இத்தனை வருடங்களில் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே இப்போது பாறாங்கல் தடுப்புதான் இருக்கிறது. கிளப் அறையில் யாரோ மீன்வலை போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவால் இனி வள்ளத்தில் ஏற முடியாது. ஆனால் யாராவது அந்தக் கோலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஷிபு காலைச் சுழற்றிய விதத்தைச் செய்தே காட்டுவார். என் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அப்போது அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.