ஜனவரி ஒன்றாம் தேதியும் மங்களேஸ்வரி அக்காவும்

புற்றுநோயோடு கிடந்த மங்களேஸ்வரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் டியூட்டிப் பட்டியலுக்குக் கீழே வந்தது. அடுத்த நிமிடமே யாரோ விடுப்பு கேட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவாக இருந்தால், "அவையளுக்கும் வீடு வாசல் இருக்கு" என்றிருப்பார்.

மெல்பேர்ன் மருத்துவமனையொன்றில் எட்டு ஆண்டுகள் இருவரும் நர்ஸ்களாக வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. புதிய கணினி முறை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயரைத் தட்டினால் பழைய நோய், மருந்து, ஒவ்வாமை எல்லாம் திரையில் வந்துவிடும். அக்கா மட்டும் பெயரோடும் பிறந்த தேதியோடும் நிற்காமல் தகப்பன் பெயரையும் கேட்பார். "படகில வந்த ஆக்களிட்ட காகிதம் இல்லாட்டி, பிறந்த திகதி ஜனவரி ஒண்டு எண்டு எழுதிவிடுவாங்கள், தம்பி." நான் சிரித்தேன்.

ஒருநாள் நகரின் புறப்பகுதியான கிரான்பர்னிலிருந்து சிவகுமார் என்பவரைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சலில் பேச்சுக் குழறியது. கூட்டம் தாங்கவில்லை. திரையில் இரண்டு சிவகுமார்கள்; இருவருக்கும் ஒரே ஆண்டு, ஜனவரி ஒன்று. நான் முதலாவதைத் திறந்தேன். ஒவ்வாமை எதுவும் இல்லை என்றிருந்தது. அதை நம்பி டாக்டர் பென்சிலின் எழுதினார், நான் ஏற்றினேன். மூச்சு அடைத்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு நான் திறக்காத கோப்பில் இருந்தது. அவர் மனைவி வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணினிக் கோளாறு என்று எல்லோரும் தேற்றினார்கள். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அக்கா விடவில்லை.

"கொம்ப்யூட்டர் ரெண்டு பேரைக் காட்டினது. ஒராளைத் தெரிஞ்செடுத்தது நீர். அதை அவற்ற மனுசியிட்ட நீர்தான் சொல்லவேணும்."

குடும்பத்தைச் சந்தித்த அறையில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்னேன். சிவகுமாரின் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் கணவர் மூச்சுக்குக் கஷ்டப்பட்டாரா என்று அக்காவிடம் மட்டும் கேட்டார். பொய் சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓம் பிள்ளை, கஷ்டப்பட்டவர்" என்றார் அக்கா.

பிறகு தகப்பன் பெயருக்கும் திரையில் ஒரு கட்டம் வைத்தார்கள்.

அக்காவின் இறுதிச் சடங்கில் சிவகுமாரின் மனைவியைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தேன். அவரே என்னிடம் வந்தார். கணவரின் ஒவ்வொரு திவசத்துக்கும் அக்கா தங்கள் வீட்டுக்கு வந்து சமையலுக்குக் கூடமாட நின்றதாகச் சொன்னார். அக்கா என்னிடம் மூச்சுவிட்டதில்லை.

"நீங்கள் ஒருக்காலும் வரேல்லை" என்றார். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட வேலை செய்தவர்களுக்கு அக்காவின் எத்தனையோ ஞாபகங்கள் இருக்கும். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த வீட்டுக்குப் போகிற பொறுப்பு. அடுத்த மாதம் சிவகுமாரின் திவசம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.