அக்காவின் கைகளுக்குத் தைத்த பை

கோதுமை மாவு வாசனை வந்தால் இன்றும் என் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும்...

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். எனக்கு எட்டு வயது, அக்கா பிலோமிக்குப் பன்னிரண்டு. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. தண்ணீருக்கு அடியில் யார் வாய் திறந்து பேச முடியும்? சங்கு குளிப்பவர்களுக்கென்று கைஜாடைகள் உண்டு. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அக்கா அதில் இன்னும் நூறு சேர்த்தாள். கயிற்றை இரண்டு முறை வெட்டி இழுப்பது போலக் காட்டினால், 'என்னை மேலே தூக்கு'. வீட்டில் குழம்புச் சட்டி கனத்தால்கூட அக்கா அதைத்தான் காட்டுவாள்.

அந்த வருஷம் அவளைக் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் சேர்த்தோம். அங்கே கைஜாடை கூடாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், வாயால் பேச வேண்டும். அப்போது நிறையப் பேர் அதைத்தான் நம்பினார்கள்.

"வீட்ல கை பேசுனா வாய் பேசாதும்மா" என்றார் டீச்சர்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். மாதா கோயிலில் இனாமாகக் கொடுத்த கோதுமை மாவுச் சாக்கை வெட்டி இரண்டு சின்னப் பை தைத்தாள். அக்காவின் கைகளை உள்ளே விட்டு மணிக்கட்டில் நாடாவால் முடிந்தாள். சாப்பாடுகூட அம்மாவே ஊட்டினாள். தூங்கும்போது மட்டும் அவிழ்ப்பாள். தூங்குகிற கை பேசாது அல்லவா?

தவக்காலம் வேறு. கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவின் கைகளை...

எனக்கும் ஒரு கட்டளை. "ஏளா, அவ கையக் காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிடணும். பாத்தியோ, அவளுக்குக் காலத்துக்கும் பேச்சு வராது. அந்தப் பாவம் ஒனக்குத்தான்."

பயந்தே போனேன். வீடு மாறிவிட்டது. மெழுகுவர்த்திக்கு முன்னால் அக்கா "ப்பா... ப்பா..." என்று பழகும் சத்தம் மட்டும் கேட்கும். மூச்சுப் பட்டுச் சுடர் அசைந்தால் உச்சரிப்பு சரி. அந்தக் குரல் அக்காவுடையது மாதிரியே இருக்காது. உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

ஒரு ஞாயிறு. பூசை முடிந்து, சாப்பிட்டு, பாயில் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் கடலுக்குப் போக மாட்டார்கள். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா வாசல்படியில் கிழிந்த சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். காற்று நின்றுபோன மதியம்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. கைகள் மட்டும் எழுந்தன.

வலக்கை மீசையைத் தடவியது. அது அப்பா. பிறகு காதைத் தொட்டது. விரல்கள் கழுத்து வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கின. அப்புறம் கயிறு, இரண்டு வெட்டு. மறுபடியும் மீசை, காது, சொட்டு, கயிறு...

நான் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கனாக் காணுதா. நீ அங்கன பாக்காத, திரும்பிப் படு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் கை உரசும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மறுநாள் காலை அக்கா பள்ளிக்குப் போகாமல் பாயிலேயே கிடந்தாள். எழுப்பி உட்காரவைத்து அம்மா பையைக் கட்டினாள். அதைச் சாக்கிட்டு நானும் வீட்டில். மதியத்துக்கு முன்பே மாமா அப்பாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். படகில் அப்பாவுக்குக் கயிறு பிடிப்பவர் அம்மாவின் அண்ணனான அந்த மாமாதான். தங்கச்சியின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று மச்சான் கையில்தான் அதைக் கொடுப்பார்கள்.

அப்பாவின் இரண்டு காதிலிருந்தும் இரத்தம் கழுத்து வழியே இறங்கியிருந்தது. அக்காவின் விரல்கள் இறங்கிய அதே வழி.

அம்மா அவர் முன்னால் விழுந்து அலறினாள். அப்பா அவள் வாயையே வெறித்துப் பார்த்தார்.

"ஏன் சத்தம் வராம அழுவுத?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

 அம்மா எழுந்து அக்காவிடம் போனாள். அவசரத்தில் நாடா முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து அறுத்தாள். இனி அந்த வீட்டில் அப்பாவோடு பேச அந்தக் கைகளின் மொழி மட்டும்தான்.

அப்பாவுக்குக் காது திரும்பவில்லை. உப்பளத்து வேலைக்குப் போனார். பைகள் அடுப்படியில் பிடிதுணி ஆயின. எனக்கு மட்டும் அக்காவிடம் உள்ளூர ஒரு பயம் தங்கிவிட்டது. நடக்கப்போவதைத் தூக்கத்தில் பார்த்தவள் அல்லவா...

போன மாதம் முத்தையாபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காது கேட்காது. அதன் அம்மா பேசும்போதே வாய்க்குப் பக்கத்தில் விரல்களை மாற்றி மாற்றிக் காட்டினாள். உதட்டில் ஒரே மாதிரி தெரியும் ஒலிகளை அந்த விரல்கள் பிரித்துக் காட்டுமாம். பெயர் க்யூட் ஸ்பீச் (Cued Speech). சைகை மொழியும் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறாள்.

"ரெண்டும் தெரிஞ்சு வச்சிக்கிடட்டும் பெரியம்மா. எது வேணும்னு அவளே முடிவு பண்ணுவா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தைரியம் வந்தது. அந்த ஞாயிற்றுக் கனவைப் பற்றிக் கையாலேயே கேட்டேன்.

அக்காவின் கைகள் மெதுவாகப் பதில் சொல்லின.

'கனவு இல்லை. அன்று காலையில் அப்பா கிணற்றடியில் காது கழுவினார். இரத்தம். அம்மாவிடம் சொல்லாதே என்றார். என் கையில் பை. ராத்திரி இருட்டில் கை தெரியாது. அந்த மதியம்தான் கிடைத்தது. கண்ணைத் திறந்தால் அம்மா கட்டிவிடுவாள்.'

பிறகு என்னைச் சுட்டினாள்.

'உன்னிடம்தான் சொன்னேன். நீ திரும்பிப் படுத்ததை இமை இடுக்கில் பார்த்தேன்.'

இப்போது தினமும் வீடியோ காலில் வருகிறாள். பெரும்பாலும் கறிக்கு என்ன, மழை உண்டா என்பதுதான். அவள் கை எழுந்தால் நான் கண்ணை எடுப்பதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும்...

பொங்கட்டும்.