துடைத்த பிறகும் நின்ற திருநீறு

“ஆரு தம்பி இப்ப திருநூறு பூசின?”

முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டபோது மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் என் கார் கழுவும் கடையில் துணியும் கையுமாக நின்றேன். கடும் நீலக் கார். பொனட் முழுவதும் பொலிஷ் போட்டு, அது வெள்ளையாகக் காய்ந்ததும் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லா இடமும் பளிச்சென்று வந்துவிட்டது. நடுவில் மட்டும் மூன்று வெள்ளைக் கோடுகள், விரலால் இழுத்த மாதிரியே நின்றன.

கேட்டவர் காரின் சொந்தக்காரருடைய மனைவி. கணவர் காலமாகிச் சில மாதங்கள்தான். கரடியனாற்றிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி வாடகைக்கு ஹயர் ஓடிய மனிதர். கொழும்பில் வேலை செய்யும் மகன், காரை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக வந்திருந்தான். வாங்குபவர் அடுத்த நாள் வருவதாக ஏற்பாடு.

“அண்ணன், பொனட்டில என்னமோ கறை இரிக்கி. அது தெரியப்படா,” என்று காலையில் மகன் சொல்லியிருந்தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வண்டியைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, கடைசி நாளில் வந்து என்னிடம் மந்திரம் எதிர்பார்க்கிற ஆட்களை நிறையக் கண்டவன் நான். மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் கட்டிங் கொம்பவுண்ட் போட்டு மெஷின் பிடித்ததில் கறை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. போய்விட்டது என்று நினைத்துத்தான் பொலிஷ் போட்டேன்.

“அது திருநூறில்லம்மா. பொலிஷ் காஞ்ச தூள். பள்ளத்துக்குள்ள போய் நிண்டுட்டு,” என்றேன்.

அவர் நம்பவில்லை. கிட்ட வந்து குனிந்து பார்த்தார். தொடப் போன கையைப் பாதியில் எடுத்துக்கொண்டார்.

“இது அவர்ர வெரல் தம்பி,” என்றார்.

சாம்பலில் காரம் இருக்கிறது. ஈரத்தோடு பெயின்றின் மேல் கிடந்து வெயிலும் பட்டால், மேலே இருக்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சை அரித்துவிடும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆனாலும் இவ்வளவு ஆழமாக அரித்த திருநீற்றை நான் கண்டதில்லை.

“நெடுக பூசுவாராம்மா?”

“ஓம், ஒவ்வொரு நாளும். காலையில ஈரத்துணியால பழசத் துடைச்சிட்டு மறுகாதான் புதுசு பூசுவார்.”

“அப்ப இப்பிடி அரிக்காதே. கனநாள் துடைக்காமக் கிடந்தாத்தான் பள்ளம் விழும்,” என்று தொழில்காரன் புத்தியில் சொல்லிவிட்டேன்.

அவருடைய முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது நான்தான் தம்பி. அவர் போன அண்டைக்கு, பூசிட்டு வண்டிய எடுக்க முதல் விழுந்திட்டார். முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் காரை ஒருத்தரையும் தொட விடல்ல நான். முத்தத்தில பனியும் வெயிலும் பட நிண்டிச்சி. மறுகா கழுவியும் அந்த அடையாளம் போகல்ல. எனக்கு அது சந்தோசமா இரிந்திச்சி.” சற்று நிறுத்தி, “நானா அவர்ர காரைப் பழுதாக்கின?” என்று கேட்டார்.

பழுதில்லை, மேல் பூச்சுத்தான் என்று ஏதோ சொன்னேன். மகனுக்கு இது ஒன்றும் தெரியாது என்பது அவன் நின்ற நிலையிலேயே விளங்கியது.

“அண்ணன், விடுங்க. அது இரிக்கட்டும். வாறவருக்கு நான் சொல்றன்,” என்றான்.

உள்ளதை உள்ளபடி இருவருக்கும் சொன்னேன். பள்ளத்தை நிரப்புகிற கிளேஸ் போட்டால் மறையும், சில தரம் கழுவ மறுபடி தெரியும். இன்னொரு தரம் கட்டிங் பிடித்தால் அடியோடு போய்விடும், பிறகு அது வராது. இரண்டும் வேண்டாமென்றால் இப்படியே விடலாம்.

“எடுங்க தம்பி,” என்றார் அம்மா.

“அம்மா, வேணாம்.”

“இல்ல மகன். ஒங்கட அப்பா நேத்தையத் திருநூறோட ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்ல.”

சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். மைக்ரோஃபைபர் துணியைக் கொடுத்தேன். மூன்று விரலைத் துணிக்குள் வைத்து, கோடு போன வழியே ஒரே இழுப்பாகத் துடைத்தார். வெள்ளை போனது. பிறகு நான் மெஷினைப் பிடித்தேன். முடியுமட்டும் அவர் மட்காட்டில் கையை வைத்தபடியே நின்றார். மகன் வாவிப் பக்கம் திரும்பி நின்று அழுதான்.

எல்லாம் முடிந்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்மாவும் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, அதே இடத்தில் புதிதாகப் பூசினார். புதுப் பொலிஷில் விரல் வைத்தாலே ஆட்களை ஏசிக் கலைக்கிறவன் நான். அன்றைக்குக் குழைக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததே நான்தான்.

“வாங்குறவர் நாளைக்குத் துடைச்சிருவார் அம்மா,” என்றான் மகன்.

“துடைக்கத்தானே வேணும்,” என்றார்.

இப்போது எந்த வண்டி வந்தாலும், அதன் மேல் பூசியிருப்பது பொட்டோ, சந்தனமோ, வெறும் கைவிரல் அடையாளமோ, தண்ணீர் அடிக்க முதல் கேட்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். பொலிஷ் எப்படிப் போடுவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். துடைக்க முதல், இது யார் வைத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.